நூல் அறுந்தால் நிற்கும் தறி

என் காரின் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதன் முதல் அறுபது பக்கங்கள் என் கையெழுத்தில் இல்லை. எனக்கு முன்பு அந்த டொயோட்டா கரோல்லாவை வைத்திருந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, வண்டி வாங்கிய நாளிலிருந்து விற்ற நாள் வரை எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில், என்ன வேலை செய்தார் என்பதை வரி பிசகாமல் எழுதி வைத்திருந்தார். என்ஜின் ஆயில் மாற்றியது, ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தது, டயர்களை முன்னும் பின்னுமாக இடம் மாற்றியது, பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் படிவை வெந்நீர் ஊற்றிக் கழுவியது என எதையும் அவர் விட்டுவிடவில்லை. ஓடோமீட்டர் 96,000 காட்டிய ஒரு பழைய வண்டியை நான் நம்பி வாங்கியதற்கு, முன்பக்கத்தில் இருந்த முத்திரையைவிட அந்த நோட்டுதான் பெரிய காரணம். சாவியைக் கையில் தரும்போது அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "தம்பி, ஏதாவது புதுச் சத்தம் கேட்டால் ஓட்டிப் பார்க்காதீங்க, நிறுத்திப் பாருங்க."

இன்று அதே ஓடோமீட்டர் 3,42,000 ஐத் தாண்டிவிட்டது. என்ஜினின் மேல்மூடியைத் தவிர உள்ளே எதையும் இதுவரை யாரும் பிரித்ததில்லை. கியர்பாக்ஸ், தொழிற்சாலையில் பூட்டியபடியே இருக்கிறது. இந்தக் காரைப் பற்றி நண்பர்கள் விசாரிக்கும்போதெல்லாம் "டொயோட்டா அப்படித்தான், கெட்டுப்போகாது" என்று அவர்களே ஒரு பதிலையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தப் பதிலில் எனக்கு நிறைவு ஏற்பட்டதில்லை. கெட்டுப்போகாத இயந்திரம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. உராயும் எல்லாப் பொருளும் தேயும். அப்படியிருக்க, ஒரு நிறுவனத்தின் வண்டிகள் மட்டும் ஏன் நீண்ட நாள் ஓடுகின்றன என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு சில ஆண்டுகளாகக் கிடைத்ததையெல்லாம் படித்துவந்தேன். படிக்கப் படிக்க, அந்த ஆசிரியை சாவியோடு சேர்த்துக் கொடுத்த வாக்கியம்தான் அந்த நிறுவனத்தின் அடித்தளத்திலும் புதைந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியவந்தது. அந்தக் கதை காரில் தொடங்கவில்லை, தறியில் தொடங்குகிறது.

சகிச்சி டொயோடா 1867 ஆம் ஆண்டு ஜப்பானில், இன்றைய ஷிசுவோகா மாகாணத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்தில், தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தையின் உளியும் இழைப்புளியும் அவருக்குக் கைவந்திருந்தன. அவருடைய கவனமோ வீடுகளில் பெண்கள் நெய்துகொண்டிருந்த கைத்தறிகளின் மேல் இருந்தது. ஒரு கையாலேயே இயக்கக்கூடிய மரத்தறி ஒன்றை அவர் 1890 இல் உருவாக்கி, அடுத்த ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். 1896 இல் நீராவி விசையால் ஓடும் தறியைச் செய்தார். அந்த விசைத்தறியில் அவர் சேர்த்த ஒரு சிறிய ஏற்பாடுதான் இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஆணிவேர்: குறுக்கே செல்லும் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும்.

நெசவு பார்த்தவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். ஊடை நூலைச் சுமக்கும் நாடா குறுக்கே ஓடும்போது அந்த நூல் அறுந்துபோனாலும், விசையால் ஓடும் தறி அதைப் பொருட்படுத்தாமல் அடித்துக்கொண்டே இருக்கும். யாராவது கண்டு நிறுத்துவதற்குள் ஒரு முழம் துணி வீணாகியிருக்கும். ஆகவே ஒவ்வொரு தறிக்கும் அருகில் ஓர் ஆள், அறுகிறதா அறுகிறதா என்று பார்த்தபடி நிற்க வேண்டியிருந்தது. அதாவது, இயந்திரம் வேலை செய்ய, மனிதர் அதற்குக் காவல் இருந்தார். சகிச்சியும் அவருடைய மகன் கீச்சிரோவும் 1924 இல் நிறைவு செய்த ஜி வகைத் தானியங்கித் தறி இந்த நிலையைத் தலைகீழாக்கியது. ஓட்டத்தை நிறுத்தாமலேயே, நூல் தீர்ந்துபோன நாடாவை அது தானே மாற்றிக்கொண்டது. நெடுக்கே செல்லும் பாவு நூல் ஒவ்வொன்றின் மீதும் ஒரு மெல்லிய உலோகத் தகடு தொங்கியது. எந்த நூல் அறுந்தாலும் அதன் தகடு கீழே விழுந்து தறியை நிறுத்தியது. ஒரே தொழிலாளி பல தறிகளைக் கவனித்துக்கொள்ள முடிந்ததும், அவர் வெறும் காவலாளி நிலையிலிருந்து விடுபட்டு, அறுந்த காரணத்தை ஆராய்ந்து சரிசெய்பவராக உயர்ந்ததும் அதற்குப் பிறகுதான்.

ஜப்பானியர் இதை 'ஜிடோகா' என்கிறார்கள். தானியக்கம் என்று பொருள்படும் சொல்லின் நடு எழுத்தில், மனிதன் என்பதைக் குறிக்கும் ஒரு சிறு குறியைக் கூடுதலாகச் சேர்த்து, ஒலி மாறாமல் பொருள் மட்டும் மாறும்படி அதை எழுதுகிறார்கள். ஓடுவதற்கு மட்டும் அல்லாமல் நிற்பதற்கும் அறிந்த இயந்திரம் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். இதுவரை நான் கேட்ட தொழில்நுட்பச் சொற்களில் இதைப் போல என்னை யோசிக்க வைத்தது வேறு இல்லை.

அந்தத் தறியின் காப்புரிமை உரிமைகளை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் 1929 இல் 1 லட்சம் பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. உலகத்துக்கே நெசவு இயந்திரம் விற்றுக்கொண்டிருந்த நாட்டுக்கு ஒரு தச்சரின் மகன் தறி விற்றார் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்குச் சிலிர்ப்பு ஏற்படுகிறது. சகிச்சி அடுத்த ஆண்டு காலமானார். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்த கீச்சிரோவின் மனமோ ஏற்கெனவே மோட்டார் வாகனத்தின் பக்கம் போயிருந்தது. தறித் தொழிற்சாலைக்குள்ளேயே 1933 இல் வாகனப் பிரிவு ஒன்றை அவர் தொடங்கினார். செவ்ரோலே என்ஜினைப் பிரித்துப் பார்த்து அதை ஒட்டித் தம் முதல் என்ஜினை வடிவமைத்தார். வார்ப்படத்தில் பிழைகள் வந்துகொண்டே இருந்ததால் எண்ணற்ற சிலிண்டர் பிளாக்குகள் உருக்கு உலைக்கே திரும்பிப் போயின. 1935 இல் ஏ1 என்ற மாதிரிக் காரும் ஜி1 என்ற லாரியும் உருவாயின. 1936 இல் ஏஏ என்ற கார் விற்பனைக்கு வந்தது.

நம்பகத்தன்மைக்கு இலக்கணமாக இன்று சொல்லப்படும் நிறுவனத்தின் அந்த முதல் லாரிகள் அடிக்கடி நடுவழியில் நின்றன என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஜெனரல் மோட்டார்ஸின் ஜப்பானியக் கிளையிலிருந்து வந்து விற்பனைப் பொறுப்பை ஏற்றிருந்த ஷோதாரோ காமியா, பழுதான வண்டிகளை உடனுக்குடன் சரிசெய்து கொடுக்க ஏற்பாடு செய்தார். பொறியாளர்கள் பழுது ஏற்பட்ட இடத்துக்கே போனார்கள்; எந்தப் பாகம், எந்த இடத்தில், எப்படி முறிந்தது என்று பார்த்துத் திரும்பி வந்து அதைத் திருத்தினார்கள். 'கென்ச்சி கென்புட்சு', அதாவது நேரில் போய்ப் பொருளையே பார்ப்பது என்று பிற்காலத்தில் பயிற்சி வகுப்புகளில் கற்பிக்கப்பட்ட கொள்கை, இப்படி வழியில் நின்ற லாரிகளைச் சுற்றி எண்ணெய்க் கைகளோடு நின்றவர்களின் அன்றாடத் தேவையாகத்தான் இருந்தது.

பெயர் மாற்றமும் அந்தக் காலத்தில் நடந்ததுதான். 1936 இல் பொதுமக்களிடம் சின்னத்துக்கான போட்டி நடத்தியபோது, குடும்பப் பெயரான டொயோடா, டொயோட்டா ஆயிற்று. ஜப்பானிய எழுத்தில் பின்னதை எட்டுக் கோடுகளில் எழுதிவிடலாம், எட்டு அங்கே நல்ல எண். தவிர, ஒரு குடும்பத்தின் பெயரிலிருந்து நிறுவனம் சற்று விலகி நிற்கவும் அது வழி செய்தது. நம் எழுத்தில் ஒரே ஒரு 'ட்' தான் இரண்டுக்கும் வித்தியாசம். டொயோட்டா மோட்டார் நிறுவனம் 1937 ஆகஸ்டில் தனி நிறுவனமாகப் பதிவாயிற்று. அதன் தொழிற்சாலை அமைந்த கொரோமோ நகரமே 1959 இல் டொயோட்டா நகரம் என்று பெயர் மாறியது. அந்த ஆதி ஏஏ கார்களில் இன்று எஞ்சியிருப்பதாக அறியப்பட்டது ஒன்றே ஒன்று: ரஷ்யாவில் கண்டெடுக்கப்பட்டு, நெதர்லாந்தின் லவ்மன் அருங்காட்சியகத்தில் துருவும் நசுங்கலுமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. அதன் படங்களைப் பார்க்கும்போது, கிடைத்த பாகங்களைக் கொண்டு யாரோ அதைப் பல பத்தாண்டுகள் ஓட்டியிருக்கிறார்கள் என்பது தெரிகிறது. புதிதுபோல் மெருகேற்றாமல் அப்படியே விட்டவர்களுக்கு என் நன்றி.

போருக்குப் பின் வந்த நெருக்கடியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1950 இல் நிறுவனம் திவாலாகும் விளிம்புக்குப் போயிற்று. ஊழியர் குறைப்பை எதிர்த்து நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. சுமார் 1,600 பேர் வெளியேற நேர்ந்தபோது கீச்சிரோ பொறுப்பேற்றுத் தாமும் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். அதே மாதம் கொரியப் போர் மூண்டது. அமெரிக்க ராணுவம் கொடுத்த லாரி ஆர்டர்கள் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தின. கீச்சிரோவை மீண்டும் அழைத்துவரும் ஏற்பாடு நடந்துகொண்டிருக்கையில், 1952 மார்ச்சில் அவர் இறந்துபோனார். தாம் கனவு கண்ட பயணிகள் கார் உலகெங்கும் ஓடுவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நூற்பாலையிலிருந்து கார் தொழிற்சாலைக்கு மாற்றலாகி வந்த தாயிச்சி ஓனோ, தறியின் குணத்தை உற்பத்தி வரிசைக்குக் கொண்டுபோனவர். கார்கள் வரிசையாக நகர்ந்துகொண்டிருக்கும் பட்டறையில், தவறு ஒன்றைக் கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்குமேல் செல்லும் கயிற்றை இழுக்கலாம். விளக்குப் பலகையில் அவருடைய இடம் ஒளிரும். குழுத் தலைவர் ஓடிவருவார். குறித்த நேரத்துக்குள் தீராவிட்டால் வரிசையே நிற்கும். மற்ற கார் ஆலைகளில் உற்பத்தி வரிசையை நிறுத்துவது பெரும் குற்றமாகக் கருதப்பட்ட காலத்தில், இங்கே அது கடமையாக்கப்பட்டது. நின்ற பிறகு 'ஏன்' என்ற கேள்வியை ஐந்து முறை அடுக்கடுக்காகக் கேட்க வேண்டும் என்றார் ஓனோ. ஃபியூஸ் போயிற்று என்றால் புதிய ஃபியூஸ் போட்டுவிட்டுப் போவது ஒரு வழி. ஏன் போயிற்று, சுமை கூடியதால். ஏன் கூடியது, பேரிங்கில் மசகு போதாததால். ஏன் போதவில்லை, பம்ப் சரியாக இழுக்காததால். ஏன் இழுக்கவில்லை, அதன் தண்டு தேய்ந்ததால். ஏன் தேய்ந்தது, வடிகட்டி இல்லாமல் உலோகத் துகள் உள்ளே போனதால் என்று போய், கடைசியில் ஒரு வடிகட்டியைப் பொருத்துவது மற்றொரு வழி. என் நோட்டில் ஏதாவது பாகத்தை மாற்றியதாக எழுதும்போது, பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு பத்தி வரைந்துகொண்டது இதைப் படித்த பிறகுதான்.

பாகங்களைத் தேவைக்கேற்ப மட்டும், தேவைப்படும் நேரத்தில் மட்டும் கொண்டுவரும் முறையைப் பலரும் செலவுக் குறைப்பு உத்தியாக மட்டுமே பார்க்கிறார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது வேறு. கிடங்கில் ஆயிரம் உதிரிகள் குவிந்திருந்தால், கோணலான ஒன்றை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்துப் பூட்டிவிடலாம். கோணலுக்குக் காரணம் அந்தக் குவியலுக்குள் மறைந்தே இருக்கும். கைவசம் சிலவே இருந்தால், ஒன்று கோணலானதும் வேலை நிற்கும், காரணமும் வெளியே வந்தாக வேண்டும்.

இந்த ஒழுக்கம் இருந்தும், அவர்களுடைய முதல் ஏற்றுமதி முயற்சி படுதோல்வி அடைந்தது. 1955 இல் வெளிவந்த கிரௌன், ஜப்பானின் அன்றைய கரடுமுரடான சாலைகளுக்கு ஏற்ற கனமான, உறுதியான கார். 1958 இல் அமெரிக்காவில் விற்கத் தொடங்கியபோது அங்குள்ள அதிவேக நெடுஞ்சாலைகளில் அதன் சிறிய என்ஜின் திணறியது. முதல் ஆண்டில் விற்றவை 287 கிரௌன்களும் ஒரே ஒரு லேண்ட் குரூசரும் மட்டும். 1960 இன் இறுதியில் பயணிகள் கார் ஏற்றுமதியை அவர்களே நிறுத்தினார்கள். தவறான பொருளைத் தள்ளுபடி கொடுத்துத் தள்ளிவிடாமல் நிறுத்திக்கொண்டதை நான் தோல்வியாக எண்ணவில்லை. அடுத்து வந்த கொரோனா காரை 1964 இல் புதிதாகத் திறக்கப்பட்டிருந்த மெய்ஷின் விரைவுச் சாலையில், எல்லோரும் காண, 58 நாட்கள் ஓட்டி 1 லட்சம் கிலோமீட்டரை நிறைவு செய்தார்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்கச் சந்தையில் அவர்களுக்குக் கால் ஊன்ற முடிந்தது.

1966 இல் கரோல்லா வந்தது. இதைச் சொல்லும்போது என்னால் நடுநிலையோடு இருக்க முடியாது. என் வண்டியின் பாட்டனார் அது. அதன் தலைமைப் பொறியாளர் தட்சுவோ ஹசெகாவா, போர்க்காலத்தில் விமானங்களை வடிவமைத்தவர். ஒரு கார் எல்லா அம்சங்களிலும் குறைந்தது 80 மதிப்பெண் எடுக்க வேண்டும், எதிலும் தேறாமல் போகக்கூடாது, சிலவற்றில் மட்டும் அதற்கும் மேலே போக வேண்டும் என்பது அவருடைய அளவுகோல். ஓர் அம்சத்தில் 100 வாங்குவதற்காக இன்னொன்றில் 50 வாங்கும் கார், வாங்கியவரை என்றாவது ஒரு நாள் கைவிடும். போட்டியாளரான நிஸான் 1,000 சிசி என்ஜினோடு வருவது தெரிந்ததும், தம் காரின் என்ஜினை 1,077 சிசியாக உயர்த்தி, கூடுதல் 100 சிசி என்று விளம்பரம் செய்தார்கள். அந்தப் பெயர் தாங்கிய கார்களின் மொத்த விற்பனை 1997 இல் வோக்ஸ்வேகன் பீட்டிலை முந்தியது. 2021 இல் 5 கோடியைக் கடந்தது. என் காரின் இருக்கைத் துணியோ ஸ்டியரிங்கின் உணர்வோ யாரையும் மயக்காது. அதை ஓட்டும்போது எனக்குள் ஏற்படுவது பரவசம் அல்ல, நிம்மதி. வயது கூடக் கூட அந்த நிம்மதியின் மதிப்பும் கூடுகிறது.

நீண்ட ஆயுளுக்கு இன்னொரு காரணம், அவர்கள் மெதுவாக மாறுவது. 1984 இல் வந்த 70 வரிசை லேண்ட் குரூசர் இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. 1990 இல் அதே குடும்பத்துக்கு வந்த 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத டீசல் என்ஜினை, நிவாரண அமைப்புகளும் சுரங்கங்களும் பாலைவனப் பயணிகளும் இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஒரே வடிவமைப்பு பத்தாண்டுக் கணக்கில் ஓடும்போது அதன் பலவீனங்கள் எல்லாம் வெளியே வந்து, ஒன்றொன்றாகத் திருத்தப்பட்டு, எந்த ஊர் மெக்கானிக்குக்கும் கை பழகி, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும் நிலை உண்டாகிறது. புதுமை விரும்பிகள் இதைத் தேக்கம் என்பார்கள். ஆளரவம் இல்லாத சாலையில் வண்டி நிற்கும்போது கையில் இருக்கும் சாவியால் கழற்றக்கூடிய நட்டு எத்தனை பெரிய வரம் என்பது நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

மெதுவாக மாறுகிறவர்கள் துணியாதவர்கள் என்றும் சொல்ல முடியாது. பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து இயக்கும் பிரியஸ் காருக்காகத் தகேஷி உச்சியமாடாவின் குழு உருவாக்கிய முதல் மாதிரி, சோதனைக்கு இறக்கியபோது 49 நாட்கள் அசையவே மறுத்தது. 1997 டிசம்பரில் அதை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டு மின்மோட்டார்களையும் பெட்ரோல் என்ஜினையும் ஒரு கோள்பற்சக்கரத் தொகுதியால் இணைத்திருப்பதால், அந்தக் கியர் அமைப்பில் தேயும் கிளட்ச் இல்லை, அறுந்துபோகும் பெல்ட் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டாரே ஏற்று, அந்த ஆற்றலை மின்சாரமாக மாற்றிக்கொள்வதால் பிரேக் பேடும் மெதுவாகவே தேய்கிறது. பேட்டரியை முழுதும் நிரப்பாமலும் முழுதும் வற்ற விடாமலும் நடுவிலேயே வைத்திருப்பது அதன் ஆயுளைக் காக்கிறது.

பிரியஸை வாடகை வண்டியாக ஓட்டும் என் நண்பர் ஒருவர் இதில் எனக்கு ஆசிரியர். பின் இருக்கையின் பக்கவாட்டில் ஒரு சிறு காற்றுத் துளைத் தடுப்பு இருக்கும். பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி அதன் வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. பயணிகள் பைகளை அதன்மேல் சாய்த்து வைப்பார்கள், துணி நூலும் தூசும் உள்ளே போய் அடையும், பேட்டரி சூடாகும். பலர் அந்தத் துளையை இசைப்பெட்டியின் ஸ்பீக்கர் என்றே நினைத்திருக்கிறார்கள். நண்பர் மாதம் ஒருமுறை அதைக் கழற்றித் தூசு எடுப்பார். "பேட்டரி போச்சுன்னு புலம்புறவங்ககிட்ட முதல்ல நான் கேக்குறது, அந்த ஜல்லடையை எப்பப் பார்த்தீங்கன்னுதான்" என்பார். அவருடைய வண்டி நான்கு லட்சம் கிலோமீட்டரை எப்போதோ கடந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் என் குடும்பத்துக்குள்ளேயே உண்டு. உறவினர் ஒருவர், புத்தம் புதிதாக வாங்கிய காரில் முப்பதாயிரம் கிலோமீட்டர் வரை ஆயிலே மாற்றவில்லை. கேட்டபோது, "டொயோட்டாதானே" என்றார். என்ஜின் மூடியைத் திறந்த மெக்கானிக் விரலால் வழித்துக் காட்டியது ஆயிலாக இல்லை, கருத்த களிம்பாக இருந்தது. சூட்டில் வெந்த ஆயில் இப்படி இறுகி, மசகு செல்ல வேண்டிய நுண்ணிய வழிகளை அடைத்துவிடும். அந்த வண்டியை அவர் வேறு எந்தப் பெயரில் வாங்கியிருந்தாலும் ஒழுங்காக ஆயில் மாற்றியிருப்பார் என்று நினைக்கிறேன். நல்ல பெயர் அவரைச் சோம்பலாக்கியது. அந்த என்ஜினை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கசக்கிறது.

என் சொந்த அனுபவத்தையும் சொல்ல வேண்டும். ஓடோமீட்டர் இரண்டு லட்சத்து பத்தாயிரத்தை நெருங்கியபோது, வயதான ரேடியேட்டர் ஹோஸ்களை முன்னெச்சரிக்கையாக ஓர் ஒர்க்‌ஷாப்பில் மாற்றினேன். இரண்டு வாரம் கழித்து இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தேன். வெப்பமானியின் முள், ஆண்டுக்கணக்காக நின்ற நடுக்கோட்டிலிருந்து ஒரு நூல் அளவு மேலே இருந்தது. வீடு சேர நாற்பது கிலோமீட்டர்தான் பாக்கி. பின்னிருக்கையில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். மெதுவாகப் போனால் சேர்ந்துவிடலாம் என்று மனம் சொன்னது. ஆசிரியையின் குரலும் கேட்டது. ஓரங்கட்டி என்ஜினை அணைத்தேன். மூடியை அவசரமாகத் திறக்காமல் முக்கால் மணி நேரம் காத்திருந்து, டார்ச் அடித்துப் பார்த்தபோது, கீழ் ஹோஸின் கிளிப் சரியாக முறுக்கப்படாமல் கூலன்ட் சொட்டிக்கொண்டிருந்தது. முறுக்கி, கையிலிருந்த குடிநீரை ஊற்றி, மெல்ல வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் என் மெக்கானிக் அண்ணன் கேட்டுவிட்டு, "இன்னும் பத்து நிமிஷம் ஓட்டியிருந்தா ஹெட்டு வளைஞ்சிருக்கும்" என்றார். அலுமினிய சிலிண்டர் ஹெட், அளவுக்கு மீறிய சூட்டில் நெளிந்துவிடும். கேஸ்கெட் பிய்ந்து கூலன்டும் ஆயிலும் கலக்கும். அதன்பிறகு அது எந்த நாட்டில் செய்த என்ஜினாக இருந்தாலும் பழைய என்ஜின் அல்ல. என் வண்டி இன்று 3,42,000 என்று காட்டுவதில் பொறியாளர்களின் பங்கு பெரிது. அந்த இரவின் முக்கால் மணி நேரத்துக்கும் அதில் பங்கு உண்டு. அமெரிக்காவில் 2007 ஆம் ஆண்டு மாடல் டண்ட்ரா பிக்கப் ஒன்று ஒன்பது ஆண்டுகளில் 10 லட்சம் மைல், அதாவது சுமார் 16 லட்சம் கிலோமீட்டர் ஓடியபோது, நிறுவனமே அதை எடுத்துக்கொண்டு உரிமையாளருக்குப் புதிய வண்டி கொடுத்து, பழையதை ஆராய்ச்சிக்காகப் பிரித்தது. அந்தச் செய்தியைப் படித்தவர்கள் என்ஜினைப் பாராட்டினார்கள். நான் முதலில் தேடியது அதன் உரிமையாளர் சர்வீஸைத் தவறவிட்டாரா என்பதைத்தான். வேளை தவறாமல் செய்துவந்தார் என்று இருந்தது.

நிற்க மறந்த காலமும் அந்த நிறுவனத்துக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியதெல்லாம் விளம்பரம் ஆகிவிடும். 1990 களின் இறுதியிலும் 2000 களின் தொடக்கத்திலும் வந்த சில என்ஜின்களில் ஆயில் களிம்பாகும் புகார்கள் குவிந்தன. 2002 இல் அவற்றுக்குச் சிறப்புப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவிக்க வேண்டியதாயிற்று. பிறகு உலகின் முதலிடத்தை நோக்கி ஓடிய ஆண்டுகள் வந்தன. 2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவில், தரைவிரிப்பில் ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்ட, அவர்களுடைய சொகுசு வகையான லெக்ஸஸ் கார் ஒன்று கட்டுப்பாடின்றிப் பாய்ந்து, அதிலிருந்த நான்கு பேரும் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து தரைவிரிப்புக்காகவும், ஒட்டிக்கொள்ளும் ஆக்ஸிலரேட்டர் மிதிக்காகவும் பல லட்சம் வண்டிகள் திரும்பப் பெறப்பட்டன. மின்னணுக் கோளாறுதான் காரணமா என்று நாசா பொறியாளர்கள் ஆராய்ந்து, அப்படிச் சான்று இல்லை என்று 2011 இல் முடிவு வெளியாயிற்று. எனினும் தகவலை மறைத்துப் பொதுமக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக 2014 இல் நிறுவனம் 120 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. சகிச்சியின் கொள்ளுப்பேரனும் அன்றைய தலைவருமான அகியோ டொயோடா, 2010 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து, தாங்கள் வளர்ந்த வேகம் மிகையாகிவிட்டது, பாதுகாப்பு, தரம், எண்ணிக்கை என்ற வரிசை குழம்பிப்போயிற்று என்று ஒப்புக்கொண்டார். நூல் அறுந்ததும் தறியை நிறுத்தியவரின் வழிவந்தவர், அறுந்தது தெரிந்தும் தறி ஓடிக்கொண்டிருந்ததை உலகத்தின் முன் சொல்ல நேர்ந்தது என்றே நான் அதைப் பார்க்கிறேன்.

அத்தோடு முடிந்துவிடவும் இல்லை. அதன் துணை நிறுவனமான டைஹாட்ஸு, பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்தது 2023 டிசம்பரில் 64 மாடல்கள் வரை நீண்டதாக வெளிவந்தது. ஜப்பானில் உள்ள அதன் தொழிற்சாலைகள் உற்பத்தியை நிறுத்தின. குறுகிய காலக்கெடுவும், நேராகப் பேச முடியாத அழுத்தமும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. கயிறு கைக்கெட்டும் இடத்தில் இருந்தாலும் இழுக்கப் பயந்தால் அது அலங்காரப் பொருள்தான். 2024 இல், புதிய டண்ட்ரா என்ஜின்களுக்குள் கடைசல் வேலையின் உலோகத் துகள்கள் தங்கிவிட்டதற்காகச் சுமார் 1 லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். பதினாறு லட்சம் கிலோமீட்டர் ஓடிய அதே பெயர், உள்ளே துகள். ஓனோவின் ஐந்தாவது 'ஏன்' முடியும் இடமும் ஓர் உலோகத் துகள்தான் என்பதை நினைத்து வருந்தினேன். ஆகவே முத்திரையைப் பார்த்து மட்டும் வாங்க நினைப்பவர்களிடம், எந்த ஆண்டு, எந்த என்ஜின், எத்தகைய கைகளில் இருந்தது என்று கேளுங்கள் என்றே சொல்லிவருகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் வாரத்தில் என் வண்டியின் முன் சக்கரத்திலிருந்து, பிரேக் பிடிக்கும்போது மெல்லிய கீச்சொலி ஒன்று வரத் தொடங்கியது. பிரேக் பேடின் ஓரத்தில் ஒரு சிறு எஃகு நாக்கு வைத்திருப்பார்கள். பேட் குறிப்பிட்ட அளவுக்குத் தேய்ந்ததும் அந்த நாக்கு சுழலும் தட்டில் உரசி ஒலி எழுப்பும். அது பழுதின் ஒலி அல்ல, பழுது வருமுன் நிறுத்தச் சொல்வதற்கென்றே செய்து வைத்த ஒலி. நேற்று முன்பக்கப் பேடுகள் இரண்டு பக்கமும் மாற்றியாயிற்று. நோட்டின் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில், ஆசிரியையின் வரிகளைப் போலவே எழுத முயன்று, தேதியையும் கிலோமீட்டரையும் குறித்தேன். 'ஏன்' என்ற பத்தியில், "கீச்சொலி, தேய்மானம் இயல்பு, தட்டில் கீறல் இல்லை" என்று எழுதியிருக்கிறேன்.